ஜூன் முதல் மே வரை: ஆசிரியர்களுக்கு நன்றி பாராட்டப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருத்தணியில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1962-இல் குடியரசுத் தலைவரானதிலிருந்து, அவருடைய பிறந்தநாளை இந்தியா ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறது. அந்த ஒரு நாளில் பூங்கொத்தும் பேனாவும் வாழ்த்து அட்டையும் பள்ளிக்கு வந்து குவிகின்றன. மறுநாள் முதல் அடுத்த செப்டம்பர் வரை பெற்றோரிடமிருந்து ஆசிரியருக்கு வருபவை பெரும்பாலும் விசாரணைகளும் குறைகளும்தான். இந்த வழிகாட்டி அந்த இடைவெளியை நிரப்புவதற்கானது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து, பள்ளி திறக்கும் ஜூனிலிருந்து தேர்வு முடிவுகள் வரும் மே வரை, எந்தச் சமயத்தில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. தனியார் பள்ளிப் பெற்றோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் பலருக்கு வகுப்பாசிரியரின் பெயர் மட்டுமே தெரியும். உயர்நிலைப் பள்ளியில் அதுவும் சிலருக்குத் தெரியாது. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அதற்குப் பாடம் சொல்லும் அனைவருடைய பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். பாட ஆசிரியர்கள் எளிதாக நினைவுக்கு வருவார்கள். விடுபட்டுப் போகிறவர்கள் உடற்கல்வி ஆசிரியர், ஓவிய ஆசிரியர், தையல் ஆசிரியர், நூலகப் பொறுப்பைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காகக் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்துபோகும் சிறப்பாசிரியர் ஆகியோர்.

பகுதிநேர ஆசிரியர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்காக 2012-இல் வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டவர்கள் இவர்கள். பள்ளியில் இருக்கும் நேரம் குறைவு என்பதால் விழா மேடையில் இவர்களுடைய பெயர் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. வட்டார அளவிலான ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை பரிசு வாங்கி வந்தால் வகுப்பாசிரியருக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் வரும் நாளைக் கேட்டு, அன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஜூன் மாதத்தில் வேலையைக் குறையுங்கள்

ஆசிரியர்களோடு நெருங்கிப் பழகியவர்களைக் கேட்டால், அவர்கள் மிகவும் விரும்பும் நன்றி என்பது நேரம் என்று சொல்வார்கள். பாடம் நடத்துவதற்கு வெளியே அவர்கள் தலையில் விழும் வேலை அவ்வளவு இருக்கிறது. வருகைப் பதிவு முதல் மாணவர் விவரம் வரை எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும். உதவித்தொகைக்கான படிவங்களை நிரப்ப வேண்டும். விலையில்லாப் பாடநூல்களையும் சீருடைகளையும் கணக்கு வைத்து வழங்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்று சொல்கிறது என்றாலும், தேர்தலோடு சேர்ந்த வாக்காளர் பட்டியல் வேலை மட்டுமே ஒரு ஆசிரியரின் மாலை நேரங்களை மாதக்கணக்கில் விழுங்கிவிடும்.

ஆகவே, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை ஒரு உறையில் போட்டு, மேலே பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, உங்கள் கைபேசி எண் ஆகியவற்றை எழுதி, ஆசிரியர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கைபேசி எண் மாறினால் அன்றைக்கே தெரிவியுங்கள். பள்ளியிலிருந்து ஓடிபி எண் கேட்டு அழைப்பு வரக்கூடும் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்த நாளில் கைபேசியைக் கையில் வைத்திருங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஐந்து பெற்றோர் எண்ணை மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், அந்த ஐந்து பேரைத் தேடுவதிலேயே ஆசிரியரின் இடைவேளைகள் கரைந்துவிடுகின்றன.

அதே மாதத்தில் ஆசிரியரை நேரில் ஒருமுறை பார்த்து, பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டுமா, வலிப்பு, ஆஸ்துமா போன்ற தொந்தரவு உண்டா, வீட்டில் படிக்க உதவ யார் இருக்கிறார்கள் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். எப்போது வரலாம் என்று முதல் நாளே பிள்ளையிடம் கேட்டனுப்புவதே மரியாதை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கேள்வி கேட்காமல் இருப்பதும், மற்றவர்கள் கேட்கும்போது நீங்களே பதில் தெரிந்தால் சொல்லிவிடுவதும் ஆண்டு முழுவதும் செய்யக்கூடிய, செலவில்லாத உதவி.

மூன்றாம் படி: குறிப்பாகச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். “நீங்கள் மிகச் சிறந்த ஆசிரியர், உங்கள் சேவை மகத்தானது” என்று எழுதப்பட்ட அட்டையை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். அதைப் பெறுகிறவர் புன்னகைத்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். தாம் செய்த எந்த வேலை எந்தப் பிள்ளையிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்று தெரிவிக்கும் நான்கு வரிக் கடிதத்தை அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார், சக ஆசிரியருக்குக் காட்டுவார், அந்த முறையை அடுத்த வகுப்பிலும் செய்து பார்ப்பார்.

அப்படிப்பட்ட கடிதம் எழுதப் பிள்ளையின் படிப்பைக் கவனித்திருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் அதன் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். திருத்தம் எந்த மையில், எவ்வளவு பொறுமையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது அதிலேயே தெரியும். “இன்றைக்கு என்ன மார்க்கு?” என்று கேட்பதைவிட, “இன்றைக்கு டீச்சர் அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க?” என்று கேட்டால் எழுதுவதற்கான செய்தி தானாகவே கிடைக்கும். மூன்றாம் வகுப்புச் சிறுமியின் தாய் ஒருவர் எழுதக்கூடிய கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு வணக்கம். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் என் மகள் ஜூன் மாதத்தில் 45 என்று எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவாள். நீங்கள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவளையே அவிழ்த்து எண்ணச் சொன்ன பிறகு அந்தத் தவறு வருவதில்லை. இப்போது விளக்குமாற்றிலிருந்து குச்சி உருவித் தம்பிக்கும் கடன்வாங்கிக் கழித்தல் சொல்லிக்கொடுக்கிறாள். மிக்க நன்றி.”

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை; தேவையும் இல்லை. என்ன தடுமாற்றம் இருந்தது, ஆசிரியர் என்ன செய்தார், இப்போது என்ன நடக்கிறது என்ற மூன்றும் வந்துவிட்டால் போதும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எழுதத் தெரியாத பெற்றோர் தாம் சொல்லச் சொல்லப் பிள்ளையை எழுதவைத்து, கீழே கைந்நாட்டோ கையெழுத்தோ வைக்கலாம். மற்ற ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதை மட்டும் அறவே தவிர்க்க வேண்டும். “போன வருட டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சரி” என்ற ஒரு வரி ஆசிரியர் அறையில் வீண் மனக்கசப்பை உண்டாக்கிவிடும்.

கடிதங்களுக்குக் கால அட்டவணை வேண்டுமானால், காலாண்டு விடுமுறைக்கு முன் ஒருவருக்கு, அரையாண்டு விடுமுறைக்கு முன் இன்னொருவருக்கு, ஏப்ரலில் வகுப்பாசிரியருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு மூன்று கடிதம் எந்தக் குடும்பத்துக்கும் பாரமாக இராது.

நான்காம் படி: பாராட்டு பதிவாகட்டும்

ஆசிரியர் மீதான புகார் வட்டாரக் கல்வி அலுவலர் வரை போய்ச் சேருவதற்கு அதிக நாள் ஆவதில்லை. பாராட்டோ பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்யப் பெற்றோரிடம் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தின் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுப்பது. தொடக்க, நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் இன்னொரு நகலைத் தபாலில் அனுப்பலாம். இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். கூட்டங்களில் கழிப்பறைக் கதவும் குடிநீர்த் தொட்டியும் பேசப்படுவது சரிதான். அதோடு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஆசிரியரின் ஒரு பணியைக் குறிப்பிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் சபையில் பாராட்டுத் தீர்மானம் முன்மொழிய எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. ஊர் முன்னிலையில், ஊராட்சித் தலைவர் படிக்க, பதிவேட்டில் ஏறும் இரண்டு வரிக்கு இருக்கும் மதிப்பு சால்வைக்கு இல்லை.

நான்காவது, விருது. மாநில அரசு நல்லாசிரியர்களுக்கு வழங்கும் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருதில் பாராட்டுச் சான்றிதழும் வெள்ளிப் பதக்கமும் 10,000 ரூபாயும் அடங்கும். அதற்கு விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கு, தாம் செய்ததைக் காட்டும் சான்றுகள் தேவைப்படும். நீங்கள் எழுதிய கடிதங்களும், குழுவின் தீர்மான நகலும் அப்போது கோப்பில் இருக்கும். விருது வரும் வராது என்பது வேறு கதை.

ஐந்தாம் படி: செப்டம்பர் 5-ஐப் பெரிதாக்காதீர்கள்

மூத்த மாணவர்கள் புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு இளைய வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பது பல பள்ளிகளில் அன்றைய வழக்கம். அது அவர்களுடைய நாள். பெற்றோர் பின்னால் நிற்பதே அழகு. ஒரு மதிய உணவோ, மாலையில் தேநீரும் வடையுமோ பெற்றோர் சேர்ந்து ஏற்பாடு செய்தால், சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் தூய்மைப் பணியாளரையும் அதே பந்தியில் உட்காரவையுங்கள்.

ஆறாம் படி: பரிசு என்றால் எச்சரிக்கை

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்தது அவருடைய பிழைப்புக்கான ஊதியம். இன்றைக்கு ஊதியம் வாங்கும் ஆசிரியருக்கு விலை மிகுந்த பொருள் கொடுப்பது அவரையே சங்கடத்தில் மாட்டிவிடும். 1973-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அன்பளிப்பு பெறுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. தனியார் பள்ளிகள் பலவும் பரிசுக்குத் தடை விதித்துச் சுற்றறிக்கை அனுப்புகின்றன.

விதியைவிடப் பெரிய காரணம் வேறொன்று. வகுப்பு முழுவதும் சேர்ந்து பட்டுப்புடவையோ தங்கக் காசோ வாங்கலாம் என்று ஒருவர் குழுவில் தொடங்கிவைத்தால், அன்றாடக் கூலிக்குப் போகும் தாய் தன் பிள்ளை மட்டும் விட்டுப்போகக் கூடாதே என்று கடன் வாங்கியாவது ஐநூறு ரூபாய் கொடுப்பார். நன்றியின் பெயரால் இன்னொருவருக்கு வருத்தம் கூடாது. பணம் வசூலிக்காமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். வசூலித்தே ஆக வேண்டுமென்றால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாதபடி ஒரு உண்டியலை வையுங்கள்.

தனியாக ஏதாவது கொடுக்க மனம் விரும்பினால், வீட்டுத் தோட்டத்துக் கொய்யா, பிள்ளை வரைந்த படம், ஆசிரியருக்குப் பிடித்த துறையில் ஒரு புத்தகம் ஆகியவை போதும். தேர்வுக்கும் விடைத்தாள் திருத்தத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் எதையும் கொண்டுபோகாதீர்கள். கொய்யாவுக்குக்கூட அப்போது வேறு பொருள் வந்துவிடும்.

ஏழாம் படி: கல்விச் சீர்

ஊர் சேர்ந்து செய்யக்கூடியவற்றுள், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கே உரிய வழக்கமாகச் சில ஆண்டுகளாக வளர்ந்திருப்பது கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டு போவது போலவே மேளதாளத்துடன் ஊர்வலமாகப் பள்ளிக்குப் போவார்கள். முன்னால் பெண்கள் பழமும் வெற்றிலையும் நோட்டுப் புத்தகங்களும் அடுக்கிய தாம்பாளங்களை ஏந்தி வருவார்கள். பின்னால் இளைஞர்கள் பீரோவையும் நாற்காலிகளையும் தோளில் சுமந்து வருவார்கள். சுவர்க்கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சிறுவன் நடந்து வருவான். வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். ஆடம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். பள்ளி எங்களுடையது என்று ஊர் வாய்விட்டுச் சொல்வதை ஆசிரியர்கள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

செய்யும் முறையில் மூன்று கவனங்கள் வேண்டும். பொருள் வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரிடமும் ஆசிரியர்களிடமும் தேவைப் பட்டியலைக் கேளுங்கள். ஏற்கெனவே நான்கு பீரோ இருக்கும் பள்ளியில் ஐந்தாவது பீரோ இடத்தை அடைக்கும்; அவர்களுக்கு வேண்டியது ஒருவேளை ஆசிரியைகளுக்கான கழிப்பறையின் தாழ்ப்பாளாக இருக்கும், அதை யாரும் கூச்சத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். கொண்டுபோன ஒவ்வொன்றையும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு தணிக்கையில் தலைமையாசிரியருக்கு அதுதான் பாதுகாப்பு. கடைசியாக, மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் உபயம் இன்னார் என்று எழுத வேண்டாம். கோயில் குழல்விளக்கில் பெயரெழுதி வெளிச்சத்தை மறைத்த பெருமை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

எட்டாம் படி: மழைக்காலமும் சிறப்பு வகுப்பும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓடு ஒழுகும் வகுப்பறை, மைதானத்தில் தேங்கிய நீர், காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் என்று ஆசிரியர்களுக்குச் சோதனையான காலம். காய்ச்சல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும், வராத காரணத்தைக் காலையிலேயே தெரிவிப்பதும், கனமழை நாளில் ஊருக்குப் பேருந்து வராமல் நிற்கும் ஆசிரியரைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விடுவதும் பேச்சில்லாத பாராட்டுகள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாலை நேரச் சிறப்பு வகுப்புகள் நடக்கும். ஆறு மணி தாண்டியும் பள்ளியில் இருக்கும் ஆசிரியருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் முறைவைத்து ஒவ்வொரு மாலையும் சுண்டலும் தேநீரும் கொண்டுவருவது பல ஊர்களில் நடக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு தெரு என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை. வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளை வீடு சேர்க்கும் பொறுப்பை இரண்டு பெற்றோர் ஏற்றுக்கொண்டால், ஆசிரியர் கடைசிப் பிள்ளை போகும்வரை வாசலில் காத்து நிற்க வேண்டியிராது. சுண்டலைவிட இது பெரிய உதவி.

ஒன்பதாம் படி: முடிவு வந்த பிறகும், பிரியும்போதும்

மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவு வந்ததும் இனிப்புப் பெட்டியோடு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறோம். அதே பிள்ளைக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அந்தச் செய்தி சில சமயம் வந்து சேருவதே இல்லை. அவர் இப்போது எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று பழைய பள்ளியில் விசாரித்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் மதிப்பெண் பட்டியலைக் காட்டுங்கள். குறைவாக மதிப்பெண் வாங்கிய பிள்ளையையும் அழைத்துப் போகலாம். அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசனை சொல்ல அவரைவிட அந்தப் பிள்ளையை அறிந்தவர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

மாறுதல் கலந்தாய்வில் நல்ல ஆசிரியர் வேறு ஊருக்குப் போவது பெற்றோருக்கு வருத்தம்தான். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாறுதலான ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது போகவிடாமல் தடுத்த காட்சி நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகளின் அந்த அன்புக்கு யாரும் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் அதைப் பார்த்து வாசலில் மறியலில் உட்காருவது வேறு. பல ஆண்டுகள் குடும்பத்தை விட்டுத் தொலைவில் பணியாற்றிவிட்டு, சொந்த மாவட்டத்துக்கு இடம் கிடைத்துப் போகிறவராகவும் அவர் இருக்கலாம். முதலில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். போவதே அவருக்கு நல்லது என்றால், ஒரு பிரிவு உபசார விழாவை நடத்தி, பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிய நோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

ஓய்வு பெறுகிறவருக்கும் இதுவே பொருந்தும். கல்வியாண்டின் இடையில் 60 வயது நிறைவடையும் ஆசிரியர்கள் பொதுவாக மறுநியமனத்தில் அந்த ஆண்டு முடியும்வரை தொடர்வார்கள் என்பதால், விழாவைப் பிறந்தநாள் மாதத்தில் அவசரமாக நடத்தாமல் ஏப்ரல் வரை பொறுத்திருந்து, பழைய மாணவர்களுக்குச் சொல்லியனுப்பிச் செய்யலாம். அழைப்பிதழை இரண்டு மாதத்துக்கு முன்பே பேருந்து நிலையத் தேநீர்க் கடையிலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டிவிடுங்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு அவர்கள் வீட்டார் வழியாகச் செய்தி போய், விடுப்பு எடுத்து வர அவகாசம் இருக்கும்.